லோயஸ் அடுக்குகளின் வயது: சறுக்கும் இடங்கள்

சீனாவின் லோயஸ் பீடபூமியில் லுவோச்சுவான் பக்கம் போனால், ஓடைகள் அறுத்துவிட்ட செங்குத்துச் சுவர்களில் மஞ்சளும் செம்பழுப்புமாகப் பட்டைகள் மாறி மாறித் தெரியும். மஞ்சள், பனியுகங்களில் குளிர்காலக் காற்று வடமேற்குப் பாலைகளிலிருந்து அள்ளி வந்து கொட்டிய புழுதி. லோயஸ் என்பதும், நம் பாடநூல்கள் காற்றடி வண்டல் என்று சொல்வதும் இதைத்தான். செம்பழுப்பு, கோடைமழை கூடிய வெதுவெதுப்பான காலங்களில் அதே புழுதி மக்கி மண்ணானது, தொல்மண். மண்ணுக்கு எஸ், லோயஸுக்கு எல் என்று மேலிருந்து எண் போடுவார்கள். எஸ்0 இன்றைய மண், எல்1 கடைசிப் பனியுகப் புழுதி, எஸ்1 அதற்கு முந்தைய வெப்பகாலத்து மண், சுமார் 1,30,000 முதல் 75,000 ஆண்டுகளுக்கு முந்தையது. அடிவரை போனால் 26 லட்சம் ஆண்டுகள்.

புதிதாக இதைப் படிப்பவர் முதலில் சறுக்குவது, ஓர் அடுக்குக்கு ஒரு வயது என்று நினைப்பதில். தொல்மண்ணுக்கு இரண்டு வயது உண்டு: புழுதி விழுந்த காலம், அது மண்ணாக மாறிய காலம். மழை கூடும்போது மண்ணாகும் வேலை மேலிருந்து கீழே இறங்கி, முந்தைய பனியுகத்துப் புழுதியையும் சிவக்க வைத்துவிடும். ஆகவே எஸ்1-இன் அடிப்பகுதியில் எடுத்த மாதிரி புழுதி விழுந்த நாளைச் சொல்லலாம். மழை கூடிய நாளைச் சொல்லாது. நிறம் மாறும் கோட்டின் வயதையே பருவநிலை மாறிய தேதி என்று எழுதினால், மாற்றத்தைப் பல ஆயிரம் ஆண்டுகள் பழையதாகக் காட்டிவிடுவோம்.

அடுத்தது ஓ.எஸ்.எல். எனும் ஒளிர்வு முறை. குவார்ட்ஸ் மணி கடைசியாக வெயில் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று, அதன்பின் சுற்றியுள்ள மண்ணிலிருந்து அது வாங்கிச் சேர்த்த கதிர்வீச்சை வைத்து இது கணக்கிடும். அதனால் சுவரின் மேற்பரப்பை நன்றாகச் செதுக்கித் தள்ளிவிட்டுத்தான் இரும்புக் குழாயை அடித்து இறக்குவார்கள். ஆய்வகத்தில் மங்கிய சிவப்பு விளக்கில் பிரிக்கும்போதும் குழாயின் இரு முனை மண்ணை ஒதுக்கிவிடுவார்கள். வெளிச்சம் பட்டதென்பதால் வயதுக்கு அது உதவாது, கதிர்வீச்சு அளக்க மட்டும் உதவும். இதையெல்லாம் பெரும்பாலும் ஒழுங்காகவே செய்கிறார்கள். கோட்டை விடுவது ஈரப்பதத்தில். வெயிலில் காய்ந்த சுவரின் இன்றைய ஈரத்தை அப்படியே கணக்கில் போடுகிறார்கள். ஆனால் புதைந்திருந்த காலமெல்லாம் அந்த மண் அதைவிட நனைந்திருந்திருக்கும். நீர் கதிர்வீச்சில் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஈரம் ஒரு சதவீதம் பிசகினால் வயதும் ஏறக்குறைய ஒரு சதவீதம் பிசகும்.

அதைவிடப் பெரிய பள்ளம் நிறைவு நிலை. லோயஸில் குவார்ட்ஸ் மணி ஆயிரம் ஆண்டுக்குச் சுமார் 3 கிரே (வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு வாங்கும். 150, 200 கிரே தாண்டினால் கணக்கை நம்ப முடியாது. குடம் நிறைந்த பிறகு எவ்வளவு ஊற்றினாலும் வழியத்தான் செய்யும். அதாவது 50,000, 60,000 ஆண்டோடு குவார்ட்ஸின் கதை முடிந்தது. எஸ்1-இலிருந்து 70,000 என்று வயது வந்தால் அது வயதல்ல, குடத்தின் விளிம்பு. அங்கே ஃபெல்ட்ஸ்பார் கனிமத்துக்குப் போக வேண்டும். அதில் சமிக்ஞை தானாகக் கசியும் தொல்லை உண்டு. அதைத் திருத்தாவிட்டால் வயது குறைத்தே காட்டும்.

கார்பன்-14 கீழடிச் செய்திகளால் நமக்குப் பழகிய பெயர். ஆனால் அகழாய்வுக் குழியில் கிடைக்கும் கரித்துண்டு வேறு, தொல்மண்ணில் கலந்து கிடக்கும் கரிமம் வேறு. மேலிருந்து இறங்கிய வேர் பிந்தைய கரிமத்தைக் கொண்டு சேர்க்கும். எவ்வளவு பழைய மாதிரியானாலும் 1% இன்றைய கரிமம் கலந்தால் போதும், விடை 37,000 ஆண்டு என்று வரும்! நத்தை ஓட்டில் தலைகீழ்: நத்தை தின்ற சுண்ணாம்பு வயதைக் கூட்டிவிடும்.

காந்தம் காப்பாற்றும் என்றால் அதிலும் சூட்சுமம் உண்டு. 1982-இல் ஆய்வாளர்கள் ஹெல்லரும் லியூ துங்ஷெங்கும் லுவோச்சுவானின் காந்தத் திசைப் பதிவை வெளியிட்ட பிறகுதான் இந்த அடுக்குகளின் உண்மையான நீளம் தெரிந்தது. சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன் புவிக்காந்தம் புரண்ட தடம் அங்கே எல்8 என்ற பனியுகப் புழுதியில் இருக்கிறது. கடலடிப் படிவுகளிலோ வெப்பகாலத்தில். புழுதி விழுந்து வெகுநாள் கழித்தே காந்தத் திசை உறைந்தது என்பது பலர் சொல்லும் விளக்கம். காந்த ஏற்புத்திறன், அதாவது மண் எவ்வளவு எளிதில் காந்தமேறும் என்ற அளவு, கூடினால் மழை கூடிய காலம் என்ற சீனத்து விதியை அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் கொண்டு போகவும் கூடாது. அங்கே பலத்த காற்று கனமான காந்தத் துகள்களைக் கொண்டுவருவதால் லோயஸில்தான் அளவு அதிகம், மண்ணில் குறைவு.

எனக்கு எரிச்சலூட்டுவது கடைசித் தவறு. லோயஸ் அளவீடுகளின் வளைகோட்டை இழுத்தும் சுருக்கியும், பனியுகங்கள் வந்து போனதைக் காட்டும் கடலடி ஆக்சிஜன் ஐசோடோப் வளைகோட்டின் மேல் பொருத்துவார்கள். அப்படி வந்த வயதை வைத்து, ‘பார்த்தீர்களா, நிலமும் கடலும் ஒரே நேரத்தில் மாறியிருக்கின்றன’ என்பார்கள். ஒரே நேரம் என்று வைத்துத்தானே பொருத்தினீர்கள்? ஓ.எஸ்.எல். மாதிரிகளை நெருக்கமாக எடுத்துப் பார்த்த சில இடங்களில், கண்ணுக்கு ஒரே சீராகத் தெரிந்த சுவரில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே விடுபட்டிருந்தன. புழுதி விழாத காலம் சில, விழுந்ததைக் காற்றே திரும்ப வாரிக்கொண்டு போன காலம் சில.