உயரம் தாண்டும் வீரருக்கு வெண்கலச் சிலை வடிக்கும் முறை

2016ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலுவுக்குச் சென்னையில் ஆளுயரச் சிலை வடிப்பதாக இருந்தால், முதலில் அவருடைய இசைவைப் பெற்று, உடல் அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிறுவயதில் பேருந்து ஏறிச் சிதைந்த அவருடைய வலது காலை அழகுக்காகத் திருத்திவிடவே கூடாது. அது உள்ளது உள்ளபடி களிமண்ணில் வந்தால்தான் அவர் தாண்டிய உயரத்தின் அருமை பார்ப்பவருக்கு விளங்கும்.

எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள சோழர் காலத் திருமேனிகள் பெரும்பாலும் உட்குழிவின்றி வார்க்கப்பட்டவை. ஆளுயரச் சிலையை அப்படி வார்த்தால் எடை மிகும், உலோகமும் சீராக ஆறாது. ஆகவே களிமண் உருவிலிருந்து பகுதி பகுதியாக அச்செடுத்து, அதனுள் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் கனத்துக்கு மெழுகு பூசி, அந்த மெழுகு உருவைப் பிரித்தெடுத்து, அதன் உள்ளும் புறமும் வார்ப்புக்கான மண்ணிட்டுச் சூளையில் சுட வேண்டும். மெழுகு உருகி வழிந்த இடத்தில், செம்பு 90, வெள்ளீயம் 10 என்ற விகிதத்தில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். காற்று வெளியேறப் போதிய வழி விடாவிட்டால், விரல் நுனிகள் நிரம்பாமல் மொட்டையாக நின்றுவிடும்.

பிறகு பகுதிகளைப் பற்றவைத்து, இணைப்புத் தடம் தெரியாமல் உளியாலும் அரத்தாலும் சீர்செய்ய வேண்டும்.

மெரினா போன்ற கடலோரத்தில் நிறுவினால் உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். எனவே அவ்வப்போது நன்னீரால் கழுவி, நன்கு உலர்ந்தபின் மெல்லிய மெழுகுப்பூச்சு இட வேண்டும்.