சனிக்கிழமைக் கவரை ஞாயிறு காலையில் பிரியுங்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை என்றால் பெரும்பாலும் சனிக்கிழமைதான் சம்பளம். வீடு வந்து சேர்வதற்குள் கடைத்தெருவிலேயே பாதி கரைந்துவிடும். அதனால் நான் அன்றிரவு கவரைத் தொடுவதே இல்லை. ஞாயிறு விடிகாலையில் வாடகை, மளிகை, பள்ளிக்கூடம், மருந்து என்று நான்கு டப்பாக்களில் பிரித்துப் போட்டுவிட்டு, கட்டைப்பையோடு உழவர் சந்தைக்குப் போகிறேன். அங்கே பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும். அதை போனில் படம் எடுத்து வைத்தால், வாரம் முழுக்கத் தெருக்கடையில் விலை கேட்கும்போது உதவும்.

காய்கறியில் மிச்சம் பிடிப்பது கொஞ்சம்தான். பெரிய ஓட்டை வட்டி. அவசரத்துக்கு வட்டிக்காரரிடம் 10,000 ரூபாய் கேட்டால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்பதும் சின்னதாகத் தெரியும், ஆனால் வருஷத்துக்கு 36 சதவீதம். கூட்டுறவு வங்கி நகைக்கடன் இதைவிட எவ்வளவோ குறைவு. முதலில் அங்கே கேளுங்கள்.

2022-23 கணக்குப்படி நாட்டின் சொத்தில் சுமார் 40 சதவீதம், மேல்தட்டு 1 சதவீதம் பேரிடம் இருப்பதாக உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் சொல்கிறது. நம் சிக்கனத்தால் அது மாறாது, சம்பளம்தான் உயர வேண்டும். ஆனால் சொந்தக்காரர் விசேஷத்துக்குப் பெரிய மண்டபம் பிடித்தார் என்று நாமும் கடன் வாங்கிப் பிடிக்க வேண்டாம். எங்கள் வீட்டுச் சீர் விசேஷத்தைக் கோயிலிலேயே முடித்தோம். வந்தவர்கள் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.