புதிதாக வந்த லவ் பேர்ட்: எது இயல்பு, எது நோய்?

எங்கள் வீட்டுக்கு மின்னி வந்த முதல் இரவு, துணி போர்த்திய கூண்டுக்குள்ளிருந்து ‘கர்ர்... கர்ர்...’ என்று ஒரு சத்தம் கேட்டது. தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று பதறிப் போனேன். தூக்கம் வரும் நேரத்தில் லவ் பேர்ட் மேல் அலகையும் கீழ் அலகையும் மெதுவாக உரசிக்கொள்ளும் என்பதும், அது நிம்மதியின் அடையாளம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அதே மின்னி நான்கு மாதம் கழித்து உண்மையாகவே நோயுற்றபோது, இரண்டு நாள் எனக்கு எதுவும் தெரியவில்லை.

காட்டில் சோர்ந்து தெரியும் பறவையைத்தான் வல்லூறு முதலில் குறி வைக்கும். அதனால் பறவைகள் முடிந்தவரை நோயை மறைத்துக்கொள்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆகவே நோய்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, உங்கள் பறவை நலமாக இருக்கும்போது எப்படி இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பத்து நாளும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

படி 1: வந்திருப்பது எந்தப் பறவை?

நம் ஊர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படுவது பல நேரம் பட்ஜி. அது ஆஸ்திரேலியப் பறவை. ஒல்லி உடம்பு, நீண்ட வால், முதுகில் வரிகள். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. உருண்டை உடம்பு, கட்டையான வால், உடம்புக்குச் சற்றுப் பெரிய அலகு. கடைக்காரர்கள் இதை ‘ஆப்பிரிக்கன்’ என்பார்கள். மொத்தம் 9 இனங்கள் உண்டு. வீடுகளில் அதிகம் இருப்பவை, நமீபியா பக்கத்து ரோஜா முக இனமும் தான்சானியாவின் ஃபிஷர் இனமும். எடை ஏறத்தாழ 40 முதல் 60 கிராம். பட்ஜி இதைவிட இலேசானது என்பதால், எது என்று தெரியாமல் எடையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

படி 2: முதல் மூன்று நாள் தொந்தரவு செய்யாதீர்கள்

கூண்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டியிருக்கட்டும். உயரம் உங்கள் மார்பளவு. சமையலறை வேண்டாம். சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்தின் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, கற்பூரம், ஊதுபத்திப் புகையும் அதன் நுரையீரலுக்கு ஆகாது. வெளியே விடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

இந்த நாட்களில் பறவை ஒரு மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். நீங்கள் பார்க்கும்போது தின்னாது. பயந்த பறவை அப்படித்தான் இருக்கும். ஆனால் நீங்கள் நகர்ந்த பிறகாவது தின்ன வேண்டும். அதைச் சரிபார்ப்பதில்தான் நான் தவறினேன். மின்னியின் கிண்ணம் எப்போதும் நிறைந்தே தெரிந்தது. தீனி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கிண்ணத்தை வாயால் ஊதிப் பார்த்தேன். மேலே இருந்ததெல்லாம் பறந்துவிட்டது; அத்தனையும் தினையின் உமி. அடியில் ஐந்தாறு மணிகள்தான். லவ் பேர்ட் தோலை உரித்து உமியைக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். தினமும் உமியை ஊதிவிட்டுப் புதிய தினை போடுங்கள். உமியே இல்லை, முழு மணிகள் அப்படியே கிடக்கின்றன என்றால் பறவை தின்னவில்லை. ஒரு பகல் முழுக்க அப்படி இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

படி 3: எச்சத்தைப் படியுங்கள்

பலரும் முகம் சுளித்துக் கடந்துபோகும் இந்த வேலைதான் இருப்பதிலேயே முக்கியமானது. கூண்டின் தட்டில் வெள்ளைக் காகிதம் விரித்து, தினமும் காலையில் மாற்றுங்கள்.

நலமான எச்சத்தில் மூன்று பகுதிகள் தெரியும். சுருண்ட பச்சை அல்லது பழுப்பு மலம், அதன்மேல் வெள்ளைச் சுண்ணம் போன்ற பகுதி, சுற்றிலும் சிறிதளவு தெளிந்த நீர். வெள்ளரியோ பழமோ தின்ற நாளில் நீர் கூடும். பயணம் செய்து வந்த நாளிலும் கூடும். இரவு முழுக்க அடக்கி வைத்துக் காலையில் இடும் முதல் எச்சம் பெரிதாக இருக்கும். இவற்றுக்கெல்லாம் கவலை வேண்டாம்.

வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது, மலம் தார் போலக் கறுப்பது, முழு மணிகள் செரிக்காமல் வெளிவருவது, வாலடியில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருப்பது ஆகியவை நோயின் அறிகுறிகள். காகிதத்தை எடுக்கும் முன் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். காய்ந்த எச்சத்தின் தூள் வழியாகப் பறவையின் கிருமி நம் நுரையீரலுக்கும் வரக்கூடும். வேலை முடிந்ததும் கையைச் சோப்பால் கழுவுங்கள்.

படி 4: பயமுறுத்தும் இயல்புகள்

ஒற்றைக்காலில் நின்று தூங்கும். இறகைச் சிலிர்த்து ஒரு உதறு உதறும். தண்ணீர்க் கிண்ணத்தில் இறங்கிக் குளிக்கும். இறகு உதிர்க்கும் காலத்தில் தலையெல்லாம் முள் முள்ளாகப் புது இறகு முளைக்கும்; அப்போது தொட்டால் வலிக்கும், எரிச்சலில் கடிக்கும். கூண்டுக்குள் கைவிட்டால் கடிப்பதும் கெட்ட குணம் அல்ல, தன் இடத்தைக் காக்கும் குணம்.

ரோஜா முகப் பெண் பறவையிடம் ஒரு அழகான வழக்கம் உண்டு. மின்னி செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்து, தையல் இயந்திரம் போல அலகால் வரிசையாகக் குத்திக்கொண்டே போவாள். விரல் நீளத்துக்கு ஒரு சீரான பட்டை கழன்று வரும். அதைத் திரும்பி முதுகின் பின்புற இறகுகளுக்குள் செருகிக்கொள்வாள். கூடு கட்டப் பொருள் சேர்க்கும் முறை அது. ரசிக்கலாம், ஆனால் புதிய பறவைக்குக் கூட்டுப் பெட்டியோ பானையோ வைக்காதீர்கள். ஆண் துணை இல்லாமலும் பெண் பறவை முட்டையிடும். கால்சியம் குறைந்தால் முட்டை உள்ளேயே சிக்கி உயிர் போகும். கூண்டில் எப்போதும் ஒரு கணவாய் ஓடு தொங்கட்டும்.

தலையை மேலும் கீழும் ஆட்டித் தீனியைக் கக்கி, துணைக்கோ கண்ணாடிக்கோ உங்கள் விரலுக்கோ ஊட்டுவது அன்பு. தலையை உதறி எல்லாப் பக்கமும் தெறிக்கக் கக்கி, முக இறகு பிசுபிசுத்துப் போனால் அது வாந்தி.

படி 5: எடை போடுங்கள்

கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். காலையில் முதல் எச்சம் இட்டபின், தீனி வைக்கும் முன். பறவை பழகும்வரை சிறிய பெட்டியில் வைத்து, பெட்டியின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிராம் பறவை 5 கிராம் இழப்பது, அறுபது கிலோ மனிதர் 6 கிலோ இழப்பதற்குச் சமம். இறகு மூடியிருப்பதால் மெலிவு கண்ணுக்குத் தெரியாது. மின்னி நோயுற்றபோது அதைக் காட்டிக்கொடுத்தது தராசுதான்.

படி 6: உடனே கிளம்ப வேண்டிய நேரம்

பகலெல்லாம் இறகை உப்பிக்கொண்டு கண் மூடியிருத்தல், குச்சியை விட்டுக் கூண்டின் தரையில் உட்காருதல், மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குதல், மூக்குத் துளையில் ஈரம், பெண் பறவை வயிறு வீங்கி முக்குதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள். வெயில் நாளில் வாய் திறந்து மூச்சு வாங்கி, சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால், முதலில் நிழலுக்கும் காற்றுக்கும் மாற்றுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் அதுவும் அவசரம்தான்.

சூடு தாக்கிய பறவையைத் தவிர மற்றவற்றுக்கு வெதுவெதுப்பு தேவை. கூண்டின் ஒரு பக்கத்தைத் துணியால் மூடி, அந்தப் பக்கம் வெளியே ஒரு குண்டு பல்பை எரியவிடுங்கள். சூடு கூடினால் பறவை மறுபக்கம் நகர இடம் இருக்க வேண்டும். கடையில் தரும் மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலக்காதீர்கள். நோய் எதுவென்று தெரியாமல் தரும் மருந்தால் நாள்தான் வீணாகும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில், பறவை பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்பதைப் பறவை நலமாக இருக்கும்போதே விசாரித்து, எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். கிளம்பும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூண்டைக் கழுவிவிட்டுப் போகாதீர்கள். தட்டில் கிடக்கும் அன்றைய காகிதத்தை மருத்துவர் பார்க்க வேண்டும்.