அறுப்பு மிஷின் டேங்க் ஆகர் சீக்கிரம் தேயாம இருக்க

மேலூர், சோழவந்தான் பக்கம் நெல் அறுப்புக்கு மிஷின் ஓட்டுறவங்க இதைக் கொஞ்சம் கவனிங்க. நெல்லு உமியில சிலிக்கா இருக்கு, அது உப்புத்தாள் மாதிரி ஆகர் (டேங்க்ல இருக்குற நெல்லை குழாய் வழியா டிரெய்லருக்குத் தள்ளுற திருகுத் தண்டு) பிளேடைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கும். டிரெய்லர்ல கொட்டி முடிச்சதும் ஆகரை ஆஃப் பண்ணிருங்க, சும்மா காலியா சுத்த விட்டா பிளேடு குழாயில உரசித்தான் வீணாப் போகுது. சாயங்காலம் இன்ஜினை நிறுத்தி சாவியக் கையில எடுத்துக்கிட்டு, டேங்க் அடி மூடியத் திறந்து மண்ணு, ஈர வைக்கோல் எல்லாத்தையும் வழிச்சு எடுத்துருங்க, போன போகத்துல நான் இதை விட்டுட்டேன், பிளேடு ஓரம் கத்தி மாதிரி ஆயிருச்சு, வெறுங்கையால தொட்டுறாதீங்க. பிளேடு கனமா இருக்கும்போதே ஓரத்துல ஹார்டு ஃபேசிங் வெல்டிங் (சீக்கிரம் தேயாத கெட்டி உலோகத்தை மேல ஏத்துறது) வச்சிருங்க, பேப்பர் கணக்கா மெலிஞ்சுட்டா வெல்டு வைக்கிறப்பவே ஓட்டை விழுந்துரும்.