ஒரு நிமிட வீடியோ, ஐந்து ஆங்கிலச் சொல், ஒரு வாரம்

ராமேஸ்வரத்தில் சங்கு, சிப்பிப் பொருட்கள் விற்கும் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வடக்கேயிருந்து வந்த ஒரு அம்மா சிப்பி விளக்கு ஒன்றை எடுத்து, “கேன் யூ ராப் இட்?” என்று கேட்டார். விலை சொல்லத் தெரியும், பெரியது சிறியது சொல்லத் தெரியும். இந்த ‘ராப்’ மட்டும் தெரியாது. கூட வேலை பார்த்த அக்கா பழைய பேப்பரை எடுத்துச் சுற்றிக் கொடுத்தார். ராத்திரி அகராதியில் ‘ஆர்’ எழுத்தில் தேடினால் ‘தட்டுதல்’ என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒலிக்காத ஒரு ‘டபிள்யூ’ இருக்கிறது என்பது ஒரு சின்ன வீடியோ பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஒரு பெண் பரிசுப் பெட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே அதைச் சொல்கிறார், கீழே எழுத்து ஓடுகிறது. கை செய்வது, காதில் விழுவது, எழுத்து மூன்றும் ஒன்றாக வந்ததால் சொல் மனதில் தங்கிவிட்டது. அன்றிலிருந்து இந்த வழியில்தான் படிக்கிறேன்.

என் தம்பி விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவனுக்கும் இதையே சொல்லிக்கொடுத்தேன். நீங்களும் செய்து பாருங்கள்.

முதலில் வீடியோவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யூடியூபில் தேடும் இடத்தில் மைக் படத்தைத் தொட்டு, ‘ஃபிஷ் மார்க்கெட் இங்கிலீஷ் கான்வர்சேஷன்’ என்று சொன்னால் போதும், டைப் செய்ய வேண்டாம். ஒரே இடம், இரண்டு பேர், ஒரு நிமிடத்துக்குள் முடிகிற பேச்சு நல்லது. ‘ஒரே நாளில் 100 சொற்கள்’ என்று வருகிற வீடியோக்களை விட்டுவிடுங்கள். அவற்றில் சொல் மட்டும் ஓடும், ஆளும் இடமும் இருக்காது, மறுநாள் ஒன்றும் மிஞ்சாது. ஷார்ட்ஸ் தானாகவே திரும்பத் திரும்ப ஓடும் என்பதால் வசதிதான், ஆனால் விரல் அடுத்ததற்குத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்று முறை கேளுங்கள். தம்பிக்கு முதல் தடவையில் காதில் விழுந்தவை ஐஸ், பாக்ஸ், கிலோ மட்டும்தான். அது போதும். நாம் தினமும் தமிழோடு சேர்த்துப் பேசுகிற ஆங்கிலச் சொற்கள் நிறைய. புதுச் சொற்கள் அவற்றைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் போனைத் திருப்பி, ‘சிசி’ பொத்தானைத் தொட்டால் எழுத்து வரும். பல் சக்கரப் படத்துக்குள் போய் வேகத்தை 0.75 ஆக்குங்கள். திரையின் இடப்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினால் 10 நொடி பின்னால் போகும். தானாக உருவாகும் எழுத்தில் சில நேரம் பிழை வரும், காட்சியோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நோட்டை எடுங்கள். ஐந்தே சொல், ஆறாவது வேண்டாம். இங்கேதான் எல்லாரும் ஒரு காரியம் செய்வோம்: உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைப்போம். தயவுசெய்து வேண்டாம். ‘பேக்’ என்று நான் எழுதி வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அது பையா, பொட்டலம் கட்டுவதா, முதுகா என்று தெரியவில்லை. தமிழில் மூன்றுக்கும் அதே எழுத்துதான். ‘கோட்’ என்றால் ஆடும் வரும், மேல்சட்டையும் வரும். நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய்க் ‘கேட்டமரான்’ ஆனது போலத்தான் இதுவும். ஒரு மொழியின் ஒலி இன்னொன்றின் எழுத்தில் முழுசாக உட்காராது.

அதனால் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் வீடியோவில் யார் எதைச் செய்தபோது அதைச் சொன்னார் என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். ஒலிக்கு உங்கள் கையே உதவும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து, வீடியோவில் வருவது போலப் பொட்டலம் கட்டும் ‘பேக்’கைச் சொல்லுங்கள், காற்று கையில் அடிக்கும். பையைச் சொல்லும்போது அப்படி அடிக்காது. குறில் நெடிலில் நமக்குக் கஷ்டமே இல்லை. கப்பலுக்கு ‘ஷிப்’, செம்மறிக்கு ‘ஷீப்’, காது உடனே பிரித்துவிடும்.

எழுதி முடித்ததும் வீடியோவில் பேசுகிறவரோடு சேர்ந்தே சத்தமாகச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்து கேட்டால் எந்த இடம் மாறுகிறது என்று புரியும்.

மறுநாள் அந்தச் சொற்களை ஊருக்குள் கொண்டுபோக வேண்டும். தம்பி பாம்பனில் மீன் இறங்கும் இடத்தில் நின்று ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துச் சொல்வான்: நண்டு ‘கிராப்’, கணவாய் ‘ஸ்க்விட்’. இறாலுக்கு மட்டும் ஒரு வீடியோவில் ‘ப்ரான்’, இன்னொன்றில் ‘ஷ்ரிம்ப்’ என்று வந்ததால் குழம்பினான். பிரிட்டனில் பெரும்பாலும் ப்ரான், அமெரிக்காவில் ஷ்ரிம்ப். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். சொல் தனியாக வராமல் சின்ன வாக்கியமாக வரட்டும்: “திஸ் கிராப் இஸ் ஹெவி.” நண்டைக் கையில் தூக்கிக்கொண்டு சொன்னால் இன்னும் நல்லது.

அதே வீடியோவை மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் மறுபடி பாருங்கள். ஜெர்மனியின் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து மறதியை அளந்து, 1885இல் வெளியிட்டார். ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நிற்கும் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. இந்த இரண்டு நாட்களிலும் முதலில் போனைத் திறக்காமல் ஐந்து சொற்களையும் நினைவிலிருந்து எழுதிவிட்டு, அப்புறம் சரிபாருங்கள். விட்டுப்போனதை அடுத்த வாரத்து ஐந்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் வேறு இடத்து வீடியோவுக்குப் போங்கள், ஆனால் பழைய சொல் ஒன்றாவது அதில் வருகிறதா என்று தேடிப் பாருங்கள். கடையில் கேட்ட அந்த ‘ராப்’ எனக்கு இரண்டாவது முறை ஒரு சமையல் வீடியோவில் கிடைத்தது. மசாலா தடவிய மீனை வாழை இலையில் சுற்றிக்கொண்டே ஒருவர் அதைச் சொன்னார்.