மைனஸ் 40 காட்டிய கார்

உச்சி வெயிலில் வண்டியைக் கிளப்பினால் ஏசியில் வெறும் காற்றுதான் வந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது என்றே முதலில் நினைத்தேன். அப்புறம்தான் மீட்டரைக் கவனித்தேன். வெளி வெப்பநிலை மைனஸ் 40 டிகிரியாம்!

வெளியே அவ்வளவு குளிர் என்று நம்பும் வண்டியின் கம்ப்யூட்டர், ஏசி கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரசரை ஓடவே விடாது. அதன் மேல் தப்பில்லை, அதற்குச் சேதி சொன்னவன்தான் பொய் சொல்லியிருக்கிறான். வெளி வெப்பநிலை சென்சார் ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், குளிரக் குளிரக் கூடும். இடையில் எங்காவது இணைப்பு அறுந்தால் தடை எல்லையில்லாமல் ஏறிவிடும். கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். பழுதுக் கோடைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினேன். வந்த கோட் பி0073, இதே சென்சாரின் சுற்றுதான்.

இந்த இடத்தில் அவசரப்பட்டுப் புது சென்சார் வாங்கினேன். நீங்கள் வாங்காதீர்கள், முதலில் அளந்து பாருங்கள்.

சென்சார் பெரும்பாலும் முன் பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும். சாவியை அணைத்துவிட்டு, கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். என் பழைய சென்சார் அறை வெப்பத்தில் 2 கிலோ ஓம் பக்கம் காட்டியது. பிளாஸ்டிக் பையில் சுற்றி ஐஸ் தண்ணீரில் விட்டதும் மெல்ல ஏறி 6-ஐத் தாண்டியது. சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். ஆனால் 0 டிகிரியில் ஏறத்தாழ மூன்று மடங்காகி, துள்ளாமல் நின்றால் சென்சார் நல்லதுதான்.

அடுத்தது வண்டிப் பக்கத்துக் கனெக்டர். சாவி ஆனில், இரண்டு பின்னுக்கும் நடுவில் 5 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எனக்கு 0. ஒரு பின்னிலிருந்து பேட்டரி மைனஸுக்கு அளந்தால் 5 வந்தது. அப்படியானால் அறுந்தது மற்ற வயர், அதாவது எர்த்.

இரண்டு பின்னையும் ஒரு வயர்த் துண்டால் சேர்த்துப் பார்ப்பதும் ஒரு வழி. வெப்பநிலை மேல் எல்லைக்குத் தாவினால் வயர் நலம், சென்சார்தான் போச்சு. ஆனால் இதை இரண்டு வயர் சென்சாரில் மட்டும் செய்யுங்கள். ஏசி குழாயில் உள்ள பிரஷர் சென்சாருக்குப் பெரும்பாலும் மூன்று வயர். அங்கே 5 வோல்ட்டையும் எர்த்தையும் சேர்த்துவிட்டால், அதே மின்சாரத்தை நம்பியிருக்கும் மற்ற சென்சார்களும் படுத்துவிடும்.

அறுந்த வயரைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மேல் உறை முழுசாக இருந்தது. விரலால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே போனேன். கிளிப்புக்குப் பக்கத்தில் ஓரிடம் ரப்பர் போல நீண்டது. வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாகியிருந்தது. பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, சின்னத் துண்டு சேர்த்து சால்டர் செய்தேன். சூடு காட்டினால் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை, சால்டர் செய்வதற்கு முன்பே வயரில் கோர்த்துவிடுங்கள். நான் மறந்துபோய் இரண்டு தடவை சால்டர் செய்தேன். இணைத்த இடம் இறுக்கமாக இழுபடாமல் கொஞ்சம் தளர விடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயே மறுபடி அறும்.

கோட் பி0532, பி0533 என்று வந்தால் கதை வேறு, அது பிரஷர் சென்சார். வண்டி நன்றாக ஆறியபின் ஸ்கேனரில் அழுத்தத்தைப் பாருங்கள். ஆர்134ஏ கேஸ் என்றால் 30 டிகிரியில் ஏறத்தாழ 95 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். வயரும் கனெக்டரும்வரைதான் நம் வேலை. அந்த சென்சாரைத் திருகிக் கழற்றாதீர்கள். எல்லா வண்டியிலும் அடியில் வால்வு இருக்காது, பீறிடும் கேஸ் தோலை உறைய வைத்துவிடும்.

சரிசெய்த பிறகும் என் மீட்டர் உடனே மாறவில்லை, வயிற்றைக் கலக்கியது. எஞ்சின் சூட்டை வெளி வெப்பம் என்று காட்டிவிடாமல் இருக்கப் பல வண்டிகள் எண்ணை மெதுவாகத்தான் ஏற்றும். ஸ்கேனரில் அந்தப் பழுதுக் கோடை அழித்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினேன். 34 காட்டியது. கம்ப்ரசர் 'டக்' என்று பிடித்தது. புது சென்சார் இன்னும் உறை பிரிக்காமல் டாஷ்போர்டில் கிடக்கிறது.