புலன் விளையாட்டுப் பெட்டி செய்து விற்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கிழக்கிலங்கையில் கல்லடியிலோ கல்முனையிலோ வீட்டில் வைத்தே பிள்ளைகளுக்குத் தொட்டு, முகர்ந்து, கொட்டி விளையாடும் பெட்டிகள் செய்து விற்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது, "உள்ளுக்கு என்னென்ன போடலாம்?" என்றுதான். நான் எதைப் போடக்கூடாது என்பதிலிருந்து தொடங்குவேன்.

குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாக அவ்வளவு அழகு, வேலியோரம் காசில்லாமல் கிடைக்கிறது, பிளாஸ்டிக்கும் இல்லை, அதனால் "இயற்கைப் பெட்டி" என்று பெயர் போட்டு ஒரு பிடி அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். அதற்குள் இருக்கும் ஏப்ரின் கொடிய நஞ்சு. முழுதாக விழுங்கினால் கடினமான ஓடு ஓரளவு தடுக்கும், ஆனால் பிள்ளை கடித்தாலோ, மாலை கோர்ப்பதற்கு நீங்கள் துளை போட்டிருந்தாலோ அந்தத் தடுப்பும் இல்லை. ஆமணக்கு விதையும் இப்படித்தான். மஞ்சாடி, புளியங்கொட்டை எல்லாம் மூன்று வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம், மூக்குக்குள்ளும் தொண்டைக்குள்ளும் போகும். இயற்கையானது என்றால் ஆபத்தில்லை என்ற எண்ணம்தான் இந்தத் தொழிலில் நான் கண்ட பெரிய பிழை.

தண்ணீரில் போட்டால் மாபிள் அளவுக்கு ஊதும் ஜெல் மணிகளையும் விட்டுவிடுங்கள். விழுங்கினால் குடலுக்குள்ளும் ஊதி அடைத்துவிடும், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. 2023 டிசம்பரில் அமேசான், வால்மார்ட், டார்கெட் மூன்றும் பிள்ளைகளுக்கான இந்த மணிகளை விற்பதை நிறுத்தின. சர்பத்துக்குப் போடும் கசகசாவை (சப்ஜா விதையை) ஊறவைத்துப் பாருங்கள், அதே வழுவழுப்பு கையில் வரும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும், விளையாடி முடிந்ததும் கொட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கோதுமை மா, உப்பு, எண்ணெய் சேர்த்துப் பிசையும் விளையாட்டு மாவை விற்றால் கோதுமை இருக்கிறது என்று வெளியே எழுதுங்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு அரிசிமாவில் தனியாகச் செய்யுங்கள். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும், கச்சான் காற்று வீசும்போது வெடித்துக் காயும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதே சரி.

அப்புறம் இந்த மினுக்கித் தூள். அதுவும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், கை கழுவும் தண்ணீரோடு வாவிக்கே போய்ச் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஒக்டோபரிலிருந்து உதிரிப் பிளாஸ்டிக் மினுக்கித் தூள் விற்பனைக்குத் தடை போட்டிருக்கிறது. இதைத் தூவி, செலபேனில் சுற்றி, மேலே "சூழலுக்கு உகந்தது" என்று ஒட்டி விற்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. மருதமுனைத் தறிகளில் மிஞ்சும் துணித்துண்டுகளின் சொரசொரப்பை விடவா அது நல்லது?

"ஓட்டிசத்தைக் குணமாக்கும்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். ஓட்டிசம் (ஆட்டிசம்) மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு, விளையாட்டுச் சாமானால் குணமாக்கும் வருத்தமில்லை. தவித்துப்போய் வரும் தாய் தகப்பனிடம் பொய் நம்பிக்கையை விலைக்கு விற்கக்கூடாது.

"எல்லாப் பிள்ளைகளுக்கும்" என்று அச்சடித்துவிட்டு, சத்தம், வெளிச்சம், கடும் வாசனை எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் திணிப்பதும் பிழை. ஒரு பிள்ளைக்குக் குதூகலம் தருவது இன்னொரு பிள்ளைக்குத் தாங்கமுடியாத தொல்லை. ஒரு முன்பள்ளிக்கு நிறம் போட்ட அரிசி கொண்டு போயிருந்தேன். ஒரு சிறுவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "தொட்டுப் பாருங்க மகன்" என்று நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். அழுதுவிட்டான். செய்திருக்கவே கூடாது. பிறகு ஆசிரியை சத்தமில்லாமல் ஒரு சிரட்டை அகப்பையை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். கனநேரம் கழித்து அவனே அதை எடுத்து அள்ளினான், கொட்டினான், திரும்ப அள்ளினான். நாலைந்து அரிசி மணிக்கட்டில் விழுந்தது. கையை உதறாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது நான் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சின்னச் சிரட்டை அகப்பை இருக்கும்.